ஒரு ராத்தல் தானியமும் ஒரு செம்பு கூழும்



வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன அரசர்களும் போர்களும் கோயில்களுமே. நானும் முப்பது ஆண்டுகள் பள்ளியில் அவற்றையே கற்பித்து ஓய்வு பெற்றவன். அடுக்களைக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நான் உணர்ந்தது மருத்துவர் ஒருவர் என் கையில் கொடுத்த சிறு தாளினால்தான்.

சென்ற ஆண்டு செங்கற்பட்டில் அம்மருத்துவரைக் காணச் சென்றேன். என் உயரம் 165 சென்டிமீட்டர். எடை 79 கிலோ. இடுப்பின் சுற்றளவு 102 சென்டிமீட்டர். நீரிழிவு வாயிலில் வந்து நிற்கிறது என்றார் மருத்துவர். என் தமையனார் அந்நோயினால் ஒரு காலை இழந்தவர். ஆதலால் அச்சொல்லை நான் எளிதாக எடுத்துக்கொள்ள இயலவில்லை. மருத்துவர் ஒரு தாளில், 'நாளொன்றுக்கு 1,500 கலோரி' என்று எழுதித் தந்தார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த எண்ணே என் மனத்தில் சுழன்றது. ஏறத்தாழ அதே எண்ணை வேறோர் இடத்தில், வேறொரு பொருளில் நான் படித்திருந்தேன். எங்கே என்பது இரவில்தான் நினைவுக்கு வந்தது: 1877-ஆம் ஆண்டின் பஞ்ச வரலாற்றில்!

சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை வாட்டிய பெரும்பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் வழங்கினர். அப்பஞ்சத்தை மேற்பார்வையிட இந்திய அரசாங்கத்தினர் சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரை அனுப்பினர். செலவைச் சுருக்க விரும்பிய அவர், நிவாரண வேலையில் ஈடுபட்ட ஆடவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று விதித்தார். ஒரு ராத்தல் என்பது ஏறக்குறைய 450 கிராம். அக்காலத்து அலுவலர் கலோரிக் கணக்குப் பார்த்தவர் அல்லர். எனினும் இன்றைய கணக்கின்படி ஒரு ராத்தல் அரிசி ஏறத்தாழ 1,600 கலோரி தரும். மருத்துவர் எனக்கு விதித்ததைவிட அது சற்று மிகுதியே.

சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இவ்விதியை எதிர்த்தார். மண் சுமந்து உழைப்பவனுக்கு ஒன்றரை ராத்தல் தானியமேனும் வேண்டும். அதனோடு காய்கறியும் புரதம் மிக்க உணவும் சேரவேண்டும் என்று அவர் வாதிட்டார். 1877 மார்ச்சில் மாகாண அரசாங்கம் பாதி வழி இறங்கி வந்தது. தானியம் ஒன்றேகால் ராத்தலாயிற்று. ஒன்றரை அவுன்சு பருப்பும் சேர்ந்தது. அதற்குள் எத்தனையோ உயிர்கள் மடிந்துவிட்டன.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்வோர், ஊரை அடையுமுன் பக்கிங்காம் கால்வாயைக் கடக்கின்றனர். கரையோரமாகக் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியே மரக்காணம் வரை நீளும் நீர்வழி அது. சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அதன் பகுதி 1877, 1878 ஆகிய ஆண்டுகளில் பஞ்ச நிவாரண வேலையாகவே வெட்டப்பட்டது. அக்காலத்து ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கும் வாய்த்தது. மண் வெட்டிய மக்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை.

ஏறத்தாழ ஒரே அளவு உணவு அன்று ஒருவனை எலும்பும் தோலும் ஆக்கிற்று. இன்று எனக்கு மருந்தாகிறது. இது எங்ஙனம்? அவன் பகலெல்லாம் மண் வெட்டினான். நான் நாற்காலியில் அமர்ந்து புத்தகம் புரட்டுகிறேன். இது முதல் விடை. அவனுக்குக் கிடைத்தது வெறுந் தானியம். எனக்கோ சந்தையில் எல்லாம் கிடைக்கின்றன. இது இரண்டாம் விடை. ஆகவே எண் மட்டும் உணவாகாது. உண்பவன் என்ன வேலை செய்கிறான், அவன் பானையில் என்னென்ன இருக்கின்றன என்பவற்றை வைத்தே அவ்வெண் நஞ்சாவதும் மருந்தாவதும் முடிவாகின்றன.

இவ்வாறு எண்ணியபின், நம் வட்டாரத்துப் பானையில் பண்டு முதல் என்னென்ன இருந்தன என்று தேடத் தொடங்கினேன். அத்தேடலின் பயனையே உங்கள் முன் வைக்கிறேன்.

செங்கற்பட்டு வட்டாரம் பழந்தமிழகத்தின் தொண்டை நாட்டில் அடங்கியது. அந்நாட்டு உணவைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள தொன்மையான சான்று பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மீது பாடிய 500 அடிப் பாட்டு அது. பரிசில் பெறச் செல்லும் பாணன் வழிநெடுக எவர் வீட்டில் என்ன உண்பான் என்பதைப் புலவர் நிலம் நிலமாகக் கூறிச் செல்கிறார். ஆயர் குடியில் தினைச்சோறும் பாலும். புன்செய் உழவர் வீட்டில் வரகுச்சோறும் அவரைப் பருப்பும். மருத நிலத்தில் நெற்சோறும் கோழியும். மீன் பிடிக்கும் வலைஞர் குடியில் சுட்ட மீன். அந்தணர் இல்லத்தில் மிளகும் கறிவேப்பிலையும் கூட்டிய மாதுளங்காய்ப் பொரியலும் மாவடு ஊறுகாயும். அப்பாட்டில் வரும் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகமே மாமல்லபுரம் என்று கருதும் அறிஞரும் உளர்.

இப்பட்டியலில் நான் கண்டது ஓர் உண்மை: ஒரே தானியத்தை எல்லாரும் எந்நாளும் உண்ணவில்லை. நிலம் மாறத் தட்டும் மாறியது. தானியத்தோடு பருப்போ பாலோ மீனோ ஊனோ சேர்ந்தே வந்தது. சுவையைத் தந்தவை மிளகு, கறிவேப்பிலை, புளிப்பு ஆகியவை.

பிற்காலத்தில் ஏரிகள் பெருகின, நஞ்சையும் பெருகியது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறைக்காக நாம் போற்றும் அக்கல்வெட்டுகளில் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் கூறப்படுகின்றன. நெல்லுக்கு நீர் தரும் ஏரியைக் காக்க ஒரு குழு. தோட்டத்தைக் காக்க மற்றொரு குழு! நெல்லைப் போலவே தோட்டத்தையும் ஊர்ப்பொறுப்பாகக் கருதினர் நம் முன்னோர். நெல் பெருகியபோதும் மேட்டு நிலங்களில் கேழ்வரகும் வரகும் கம்பும் விளைந்துகொண்டே இருந்தன.

கும்பினியார் 1763-இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து செங்கற்பட்டுச் சீமையை ஜாகீராகப் பெற்றனர். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் அச்சீமையிலிருந்த ஏறத்தாழ 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். வீடு, நிலம், ஏரி, தோப்பு, ஊர்ப் பணியாளர்க்கு விளைச்சலில் உரிய பங்கு ஆகியவை அக்கணக்கில் அடங்கின. இரண்டு நூற்றாண்டு கழித்து ஆய்வாளர் தரம்பால் அவ்வேடுகளின்பால் நம் கவனத்தைத் திருப்பினார். நூறாண்டு கழித்துப் பஞ்சம் கண்ட நாடு, அக்கணக்கின் காலத்தில் தன் ஊர்களில் பணிபுரிந்தோர்க்கெல்லாம் களத்து மேட்டிலேயே பங்கு அளந்த நாடாக இருந்தது என்பது நினைக்கத்தக்கது.

பஞ்சம் ஓய்ந்தபின் உணவைப் பற்றிய அறிவியல் வளர்ந்தது. ஒரு கிராம் மாவுப்பொருளும் ஒரு கிராம் புரதமும் தனித்தனியே 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும் என்னும் கணக்கை அமெரிக்கரான ஆட்வாட்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தார். நம் நாட்டில் குன்னூரில் சர் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் ஓர் ஆராய்ச்சி செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமையும் பாலும் காய்கறியும் சேர்ந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை உணவை உண்டவை மெலிந்தன. அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டு 1937-இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்துப் பட்டியலை வெளியிட்டார். குன்னூர் ஆய்வகம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று இன்று அறியப்படுவது அதுவே.

அறிவியலார் எச்சரித்துக்கொண்டிருக்கும்போதே நம் தட்டு வேறு திசையில் சென்றது. அரிசி ஆலைகள் ஊர்தோறும் எழுந்தன. உலக்கை ஓய்ந்தது, தவிடும் அரிசியை விட்டு நீங்கியது. கிணறுகளும் மின் பொறிகளும் மேட்டு நிலத்தையும் நஞ்சையாக்கின. 1967-இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் நகரங்களில் தொடங்கிற்று. 2011-இல் நியாய விலைக் கடைகளில் அரிசி விலையின்றியே வழங்கப்படலாயிற்று. இவற்றை நான் குறை கூறேன். ஒரு ராத்தலுக்குக் கையேந்தி நின்ற மக்களின் வழித்தோன்றல்கள் வயிறார உண்டது பெரும்பேறு. வரகு குற்றித் தோள் நொந்த தாய்மார்க்கு ஆலை ஒரு விடுதலை. ஆனால் அதனோடு ஒரு நாணமும் வந்து சேர்ந்தது. கூழ் ஏழைமையின் அடையாளமாயிற்று. ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் பயபக்தியோடு கூழ் வார்க்கும் நாம், மற்ற மாதங்களில் அதை வீட்டு வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டோம்.

விளைவு யாது? சென்னையில் நடந்த ஓர் ஆய்வில், மக்கள் பெறும் கலோரியில் கிட்டத்தட்டப் பாதி தீட்டிய தானியத்திலிருந்தே, பெரும்பாலும் வெள்ளை அரிசியிலிருந்தே வருவதாகத் தெரிந்தது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடையோர் என்று கூறுகிறது. பஞ்சத்தின் நோய் போயிற்று. மிகுதியின் நோய் வந்தது. முன்னது வயிற்றை ஒட்டச் செய்தது. பின்னது வயிற்றைப் பெருக்கிற்று. இரண்டிலும் தட்டில் ஒற்றைத் தானியமே மலையாய்க் குவிந்திருந்தது என்பதை மட்டும் மறவாதீர்கள்.

இனி என் அடுக்களைக்கு வருகிறேன். மருத்துவர் எழுதித் தந்த எண்ணைக் கண்டு, முதலில் நான் செய்தது அறியாமையே. சோற்றைப் பாதியாக்கினேன், மற்றவற்றை விலக்கினேன், உப்பும் புளியும் காணாத காயை அவித்து விழுங்கினேன். எனக்கு நானே டெம்பிள் துரையானேன்! பதினைந்தாம் நாள் இரவு, வீட்டார் உறங்கியபின் முறுக்கு டப்பாவின் முன் அமர்ந்திருந்தேன். சுவையற்ற விரதம் நெடுநாள் நில்லாது என்பதை அன்று கற்றேன்.

அதன்பின் நானும் என் மனைவியாரும் ஒன்றாக அமர்ந்து பழைய பானையையும் புதிய கணக்கையும் இணைத்துப் பார்த்தோம். முதலில் ஒரு மயக்கம் நீங்கிற்று. கேழ்வரகில் கலோரி குறைவு என்று பலர் நம்புகின்றனர். உண்மை அதுவன்று. நூறு கிராம் அரிசி ஏறத்தாழ 350 கலோரி தரும். நூறு கிராம் கேழ்வரகும் 320-க்குக் குறையாது. பயன் வேறிடத்தில் இருக்கிறது. கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. மேலும் அதைக் கூழாக்கும் முறை வியத்தகு முறை. 50 கிராம் மாவை முன்னாள் மாலையில் கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் நிறைய நீரில் காய்ச்சி, ஆறியபின் மோர் விட்டுக் கரைத்தால் ஒரு பெரிய செம்பு நிறையும். கலோரியோ மோருடன் சேர்த்து 210-ஐ ஒட்டியே வரும். புளிப்புச் சுவைக்குப் புளிப்பு; கடித்துக்கொள்ளச் சிறிய வெங்காயம்; வயிறோ நண்பகல் வரை முணுமுணுப்பதில்லை.

இரண்டாவது பாடம் எண்ணெயைப் பற்றியது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் 40 கலோரிக்கு மேற்பட்டது. தாளிக்கும்போது கை நழுவி ஊற்றும் எண்ணெயே சோற்றினும் பெரிய பகை என்று கண்டோம். புட்டியிலிருந்து நேரே ஊற்றும் வழக்கத்தை விட்டோம். காலையில் ஒரு சிறு கிண்ணத்தில் ஆளுக்கு மூன்று தேக்கரண்டி அளந்து வைத்து, அன்றைய சமையல் முழுவதையும் அதற்குள் முடித்தோம். அப்பளத்தை எண்ணெயில் பொரிக்காமல் தணலில் சுட்டோம். தேங்காயை அரைத்து ஊற்றாமல், இறக்கும்போது சிறிதளவு துருவித் தூவினோம். அளவு குறைந்தும் மணம் குறையவில்லை.

மூன்றாம் பாடத்தைக் கற்பித்தவர் மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பம் ஒன்றில் மீன் விற்கும் மூதாட்டி. வஞ்சிரத் துண்டு கேட்டு நின்ற என்னிடம், வறுக்கவா என்று வினவினார். ஆம் என்றேன். அவர் கூடையிலிருந்த மத்தியைக் காட்டிச் சிரித்தார்.

“வாத்தியாரே, இந்த மீனுக்குள்ளேயே நெய் இருக்குது. அதுக்கு மேல எதுக்கு எண்ணெய்? மண்சட்டியில புளி கரைச்சு ஊத்தி, மொளகும் பூண்டும் தட்டிப் போடச் சொல்லுங்க. கொதிச்சு எறங்கினா எண்ணெய் தானா மேல மெதக்கும்.”

“எண்ணெய் ஊற்றாமல் ருசி வருமா, ஆயா?” என்றேன்.

“கடலுக்குப் போறவன் கட்டுமரத்துல எண்ணெய்ப் புட்டியா கொண்டு போனான்?” என்றார் அவர்.

அக்குழம்பை உண்டபின் வறுத்த மீனை என் நாக்கு தேடவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியில் பாணன் உண்டதும் எண்ணெய் காணாத சுட்ட மீனே என்பதை நினைத்து வியந்தேன்.

எங்கள் வீட்டின் ஒரு நாள் உணவை இப்போது கூறுகிறேன். காலையில் நான் மேலே கூறிய ஒரு செம்பு கூழ். நண்பகலில் 75 கிராம் புழுங்கலரிசிச் சோறு, அதனினும் பெரிய அளவில் முருங்கைக்கீரையோ முளைக்கீரையோ பருப்புடன் கூட்டு, மீன் குழம்பு, மீனில்லா நாளில் கொள்ளு ரசமும் புடலங்காய்ப் பொரியலும். மாலையில் ஒரு கையளவு காராமணிச் சுண்டலும் ஒரு கொய்யாப்பழமும். இரவில் 60 கிராம் சாமையைக் காய்கறி மிகுதியாகச் சேர்த்துக் கிளறிய உப்புமா, மிளகு ரசம். கூட்டினால் 1,400-க்கும் 1,500-க்கும் இடையில் நிற்கும். பூசணி, சுரை, பீர்க்கு, புடல் ஆகிய நீர்க்காய்கள் தட்டில் இடத்தை நிரப்பும், கலோரியை நிரப்பா. ஒன்று மட்டும் எச்சரிக்கை: கருவாடும் ஊறுகாயும் நம் உப்பளக் கரையின் சுவைகள், ஆயினும் இரத்த அழுத்தம் உடையோர் அவற்றைத் தொட்டுக்கொள்ளும் அளவில் நிறுத்தவேண்டும்.

இவ்வாறு உண்டும், நாள்தோறும் கொளவாய் ஏரிக்கரைப் பக்கமாக முக்கால் மணி நடந்தும் எட்டுத் திங்களில் 7 கிலோ குறைந்தேன். இடுப்பு 95 சென்டிமீட்டருக்கு இறங்கியது. நம் நாட்டு ஆடவர்க்கு மருத்துவர் கூறும் எல்லை 90. ஆகவே என் பயணம் முடியவில்லை. ஆயினும் நீரிழிவு வாயிலைவிட்டுச் சற்று விலகி நிற்கிறது. இது என் அளவு. எல்லார்க்கும் உரிய அளவு அன்று. வளரும் பிள்ளைகளும் கருவுற்ற தாய்மாரும் உடலால் உழைப்போரும் இந்த அளவைப் பின்பற்றலாகாது. நீரிழிவு மருந்து உண்போர் மருத்துவரைக் கலவாமல் உணவைக் குறைப்பது ஆபத்து.

சென்ற திங்கள் மாமல்லபுரத்திலிருந்து திரும்புகையில், கால்வாய்ப் பாலத்தின்மீது சற்று நின்றேன். வற்றிய நீரில் கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்தன. அன்று ஒரு ராத்தலுக்காக மண் சுமந்தவன் இன்று என் அருகில் வந்து நின்றால், உணவைக் குறைக்க நான் படும் பாட்டைக் கேட்டுச் சிரிப்பானோ, அழுவானோ அறியேன். உணவைக் குறைக்கும் நிலை வாய்த்ததே ஒரு செல்வம் என்று மட்டும் அவன் கூறுவான். அச்செல்வத்தை வீணாக்காமல், தட்டில் சோற்று மலையைத் தாழ்த்திக் கீரையையும் பருப்பையும் மீனையும் உயர்த்துவோமானால், கார்னிஷ் அன்று கேட்ட காய்கறியும் புரதமும் காலம் கடந்தேனும் செங்கற்பட்டுச் சீமையின் தட்டுக்கு வந்து சேரும்.